ஒகாராவின் ஊசியும் ஊர்ப் பலகையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த முத்திரையைக் குத்தியது நான்தான். தோக்கிகோ குத்தவில்லை, அவள் புருஷன் ஷிகேஸோவும் குத்தவில்லை. ஊரில் இன்றைக்கும் சிலர் மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் கடலோர ஊரான கோனோஉராவில் ஊர்ச் சங்கத்துப் பலகை என்று ஒன்று வீடு வீடாகப் போகும். அட்டைப் பலகை, மேலே ஒரு கிளிப், அதில் சங்கத்தின் அறிவிப்புத் தாள். தாளின் அடியில் வீட்டுக்கு ஒரு கட்டம். படித்துவிட்டுக் கட்டத்தில் வீட்டு முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். படித்துவிட்டு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். குப்பை எடுக்கும் நாள், குழாயில் தண்ணீர் நிற்கும் நாள், கோயில் வாசல் கூட்டும் முறை, இதற்கு மேல் அதில் என்ன இருந்துவிடப் போகிறது? சிப்பிக் காலம் பிறந்துவிட்டால் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் விடியுமுன்பே சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் போய்விடுவோம். யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் குத்திவிடுவது வழக்கம். எல்லா வீட்டிலும் முத்திரை இருக்குமிடம் ஒன்றேதான், வாசலை ஒட்டிய செருப்பு அலமாரியின் மேல் இழுப்பறை. கதவுகளும் பூட்டிக் கிடக்காது.

முதல் கட்டம் சங்கத் தலைவர் குராமித்சுவின் வீட்டுக் கட்டம். அது எந்நாளும் காலியாகத்தான் இருக்கும். எழுதியவரே படித்தேன் என்று குத்துவாரா என்று நாங்களும் கேட்காமல் விட்டுவிட்டோம். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, வேலைக்குப் போகவில்லை. பலகை வந்தது. படிக்கும் கண்ணாடி மாடியில் இருந்தது. ஏறி இறங்கச் சோம்பல்பட்டு என் கட்டத்தில் ஒன்று குத்தினேன். அடுத்த வீட்டு அலமாரியைத் திறந்து தோக்கிகோ கட்டத்தில் ஒன்று குத்தினேன். அவ்வளவுதான் நான் செய்த காரியம்.

மறுநாள் இடுப்பு சரியாகிக் கொட்டகைக்குப் போனேன். வாடைக்காற்று தகரத்தைப் பிய்த்துவிடும்போல அடித்தது. வரிசையாகப் பதினாறு பேர் நின்றோம், ஆளுக்கு முன்னால் ஒரு சிப்பிக் குவியல். இடது கையில் தடித்த உறை, வலது கையில் குட்டைக் கத்தி. சிப்பியின் வாயோரம் கத்தியை நுழைத்து, தசையை அறுத்து, சதையை வாளியில் போட்டு, ஓட்டை மேஜைத் துளைக்குள் தள்ள வேண்டும். கை தன் பாட்டுக்குச் செய்யும், வாய்தான் சும்மா இருக்காது.

எனக்கு இடப்பக்கம் தோக்கிகோ, வலப்பக்கம் புஸாயே. புஸாயேவுக்கு ஊரில் எந்த வீட்டில் என்ன வேகிறது என்பது மூடியைத் திறக்காமலே தெரியும்.

"ஞாயித்துக்கிழமை ஊர்ப் பூனை அத்தனைக்கும் ஊசியாமே" என்றாள் புஸாயே. "மன்றத்துல வெச்சு. பட்டணத்துலேர்ந்து டாக்டர் வர்றாராம்."

"எந்த ஊசி?" என்று தோக்கிகோ கேட்டாள். அவள் கத்தி நின்றுவிட்டது.

"அஞ்சு நோய்க்கும் சேத்து ஒரே ஊசியாம். அடுத்த துறையில பூனைக் கழிச்சல் வந்து குட்டியெல்லாம் செத்துப்போச்சாம்ல. திருவிழாவுக்கு ஆளுங்க வந்து படம் புடிக்கையில பூனைங்க செத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்? அதான் தலைவர் முந்திக்கிட்டாரு. ஏன்டி, பலகையில போட்டிருந்துச்சே, நீ படிக்கலையா?"

"எனக்குப் பலகையே வரல."

"வரலையா? உன் கட்டத்துல முத்திரை இருந்துச்சே, என் கண்ணால பாத்தேன். முத்திரை குத்தின வீட்டுக்காரங்க எல்லாம் சம்மதம்னு எடுத்துக்கப்படும்னு கடைசி வரியில இருக்கு."

தோக்கிகோ மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்டி குத்தினேன்" என்றேன். "கண்ணாடி இல்லாம குத்தித் தொலைச்சேன்."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சிப்பியை எடுத்தாள். கத்தி வழுக்கி உறையைக் கிழித்தது. இருபது வருஷத்தில் அவள் கை வழுக்கி நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். ஒகாரா என்பது தோக்கிகோவின் பூனை. சோயா அரைத்துப் பிழிந்த சக்கை போல மங்கின வெள்ளை நிறம், அதனால் அந்தப் பெயர். நாலு வருஷத்துக்கு முன் கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் சிப்பி ஓட்டுக் குவியலில் குட்டியாகக் கிடந்து கத்திக்கொண்டிருந்ததை ஏப்ரனில் சுருட்டி எடுத்து வந்தாள். போன வருஷம் காய்ச்சல் வந்து அக்கரையில் டாக்டர் நிஷியோ அம்மாவிடம் காட்டினபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பூனை ரத்தப்புற்றுக் கிருமி இருக்கிறது என்று வந்தது. ரெண்டு வருஷமும் இருக்கலாம், நாலு வருஷமும் இருக்கலாம், எச்சிலாலும் கடியாலும் மற்ற பூனைக்குத் தொற்றும், வெளியே விடாதீர்கள், வேறு நோய் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஒகாரா வாசல் தாண்டியதில்லை. இது புருஷன் பெண்சாதிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஊருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று தோக்கிகோ பயந்தாளோ அதுவேதான் கடைசியில் நடந்தது.

வேலை முடிந்து அவள் வீட்டுக்கே போனேன். என் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஷிகேஸோ முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, போர்வை போட்ட சூட்டு மேஜைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒகாரா. அடுப்பில் சிப்பியும் முள்ளங்கியும் போட்டு, மிசோ சோயா விழுது கரைத்த குழம்பு கொதித்தது. தோக்கிகோ சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்ததே ஒழிய வாடவில்லை.

"நல்லதாப் போச்சு" என்றான். "நானே கேக்கணும்னு இருந்தேன். போட்டுடலாம்."

"என்னத்தைப் போட்டுடலாம்? ஒடம்புல சத்தில்லாத பூனை அது."

"சத்தில்லாததுக்குத்தான் ஊசி. அஞ்சு நோய்ல ரத்தப்புற்றும் ஒண்ணாம். போட்டா கொஞ்சமாச்சும் கொறையும்ல?"

"வந்த நோய் ஊசியால கொறையுமா? கூடினா?"

"கூடும் கூடும்னு நீ பொத்திப் பொத்தி வெச்சு என்ன ஆச்சு? அடுத்த துறையில கழிச்சல் வந்து நிக்குது. நான் தெனம் படகுல அங்க போயிட்டு வர்றேன். இது செத்துச்சுன்னா அன்னைக்கு நீ என்னைத்தான் சொல்லுவ."

"நீங்க தூக்கிட்டுப் போயி குத்தி அதுல செத்தா?"

ரெண்டு பேரும் கத்தவில்லை. கத்தினால் பூனை மேஜைக்கடியில் போய்விடும் என்று அடித்தொண்டையில் சண்டை போட்டார்கள். எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே பயம்தான், ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பயந்தார்கள்.

"ஏன் ரெண்டு பேரும் மாறி மாறி டாக்டராகுறீங்க? டாக்டரம்மாகிட்டயே போவோம்" என்றேன்.

மறுநாள் கடல் பொங்கி, படகுகள் சிப்பிக் கயிறு தூக்கப் போகவில்லை. கொட்டகை லீவு. படகுச் சேவை மட்டும் ஒன்றிரண்டு ஓடியது. கூடையைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு தோக்கிகோ உட்கார, நானும் ஷிகேஸோவும் ரெண்டு பக்கமும் காற்று மறைத்து உட்கார்ந்து அக்கரை போய்ச் சேர்ந்தோம்.

நிஷியோ அம்மா ஒகாராவின் ஈறைப் பார்த்தார், எடை பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். "நல்லா இருக்காளே" என்றார். பிறகு எங்களைப் பார்த்து உட்காரச் சொன்னார்.

"மொதல்ல ஒண்ணு. ரத்தப்புற்று ஊசி இவளுக்கு வேண்டவே வேண்டாம். அது வராம தடுக்குறதுக்கு. வந்த பெறகு போட்டா ஒண்ணும் செய்யாது, குத்தின வலிதான் மிச்சம்."

ஷிகேஸோ தலை கவிழ்ந்தான். தோக்கிகோ நிமிர்ந்தாள்.

"அப்ப மத்ததும் வேண்டாம்னு சொல்லிடுங்க டாக்டர். வீட்டை விட்டு வெளிய போகாத பூனை இது."

"அப்படி நான் சொல்ல மாட்டேன்மா. கழிச்சல் கிருமி பூட்ஸ் அடியில ஒட்டிக்கிட்டு வரும். மாசக்கணக்குல சாகாது. இவர் தெனம் துறைக்குப் போறாரு. இவளுக்கு வந்துச்சுன்னா எதுத்து நிக்க ஒடம்புல தெம்பு கெடையாது."

"பாத்தியா?" என்றான் ஷிகேஸோ.

"நீங்களும் அவசரப்படாதீங்க. ஊசியில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல உயிருள்ள கிருமி, வலுக் கொறைச்சு வெச்சிருப்பாங்க. நீங்க சொல்ற அந்த அஞ்சு நோய் ஊசி இந்த வகைதான். நல்லா இருக்குற பூனைக்கு அது சட்டுனு வேலை செய்யும். இவ மாதிரிப் பூனைக்கு அந்த வலுக் கொறைஞ்சதே தலை தூக்கிடுமோன்னு ஒரு பயம். அபூர்வந்தான். ஆனா வேற வழி இருக்கும்போது நான் அதைத் தொட மாட்டேன். இன்னொண்ணு செத்த கிருமி. அது எழுந்திரிக்காது."

"அதுல பயமே இல்லையா?" தோக்கிகோ கேட்டாள்.

"இருக்கு. எப்பவாச்சும், பல ஆயிரத்துல ஒண்ணுக்கு, குத்தின எடத்துல கெட்ட கட்டி வரும். அதனால முதுகுல போடாம கால்ல போடுவேன். அப்புறம், இவ ஒடம்பு அந்த ஊசியை எவ்வளவு தூரம் ஏத்துக்கும்னு என்னால சொல்ல முடியாது. அரைக் காவல்தான் கெடைக்கலாம்."

"அரைக் காவலுக்கா இம்புட்டு?"

"இப்ப கால் காவல்கூட இல்லையே."

ஒகாரா மேஜைமேல் உட்கார்ந்து தன் வாலை நக்கிக்கொண்டிருந்தது.

"உங்க பூனையா இருந்தா?" என்றாள் தோக்கிகோ.

"போட்டிருப்பேன். செத்த கிருமியை, இப்ப தெம்பா இருக்கும்போதே."

"சரி" என்றாள் தோக்கிகோ. ஷிகேஸோ அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்க்கவில்லை, ஆனால் கூடையின் ஒரு பக்கத்தை அவன் பிடித்துக்கொள்ள விட்டாள்.

அந்த மருந்து கையிருப்பில் இல்லை. வரவழைக்க அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆகும். அதுவரை வீட்டு வாசலில் கிருமி கொல்லும் வெளுப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, வருகிற பூட்ஸையெல்லாம் அதில் முக்கச் சொன்னார். ரத்தப்புற்று இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை ஊசி இந்தப் பூனைக்கு ஆகாது என்று சங்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். தாளில் எழுதி வாங்கிவிட்டோம், இனி என்ன என்று நாங்கள் நிம்மதியாகத் திரும்பினோம். எங்களைப் போல முட்டாள்கள் உண்டா?

தலைவர் குராமித்சு படகுத்துறையில் ஏணி போட்டுச் சிப்பித் திருவிழாச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். சுவரொட்டியில் பெரிதாக அவருடைய பூனை தோனோ. தோனோ என்றால் பிரபு என்று அர்த்தம், நடையும் அப்படித்தான். ஆரஞ்சு நிறத்தில் அகலத் தலை, ஊர் முழுக்க அதன் ராஜ்ஜியம். அதோடு சண்டை போட்டுக் காது கிழியாத ஆண் பூனை துறையில் இல்லை. வெளியூர்க்காரர்கள் அதைப் படம் பிடிக்கவே படகேறி வருவார்கள்.

தலைவர் கடிதத்தைப் படித்தார். முதல் வரியிலேயே முகம் கறுத்தது.

"ரத்தப்புற்றா? இதை இத்தனை நாளா மறைச்சு வெச்சிருந்தியா தோக்கிகோ?"

"வீட்டுக்குள்ளயேதான் தலைவரே இருக்குது. யாருக்கும் எதுவும்..."

"திருவிழா நேரத்துல இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா? கோனோஉரா பூனைக்குப் புற்று, கோனோஉரா சிப்பியைத் தின்னாதேன்னு சொல்லுவான்."

"சிப்பிக்கும் பூனை நோய்க்கும் என்ன தலைவரே சம்பந்தம்?" என்றேன். "மனுசங்களுக்கே தொத்தாதாம்."

"எனக்குத் தெரியும் மத்சுயோ அக்கா. திங்க வர்றவனுக்குத் தெரியுமா?" கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார். "ஊருக்கு ஒரு நியாயம், ஒரு வீட்டுக்கு ஒரு நியாயம்னு பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை எல்லாத்தோட கொண்டாந்து போட்டுக்கணும். இல்லைன்னா பூனை அக்கரைக்குப் போயிடணும். என் தோனோவைப் பாருங்க, வருசம் தவறாம அஞ்சும் போடுறேன். கல்லு மாதிரி இருக்கான்."

"டாக்டரே ஆகாதுன்னு எழுதியிருக்காங்களே" என்றாள் தோக்கிகோ.

"முத்திரை குத்தியிருக்கு தோக்கிகோ."

"அதை நான் குத்தினேன்" என்றேன்.

"வீட்டு முத்திரைதானே? யார் கை குத்தினா என்ன?" என்று ஏணியில் ஏறிவிட்டார்.

முப்பது வருஷமாகக் கோயில் கூட்டக் குத்தினோம், குப்பைக்குக் குத்தினோம். பார்த்தேன் என்று சொல்லக் குத்தின முத்திரை எப்போது உன் இஷ்டப்படி செய் என்பதாக மாறியது? மாற்றினபோது யாரைக் கேட்டார்கள்?

சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிட்டது. தோக்கிகோ வீட்டு வாசலில் வைத்த வெளுப்புத் தொட்டியைப் பார்த்துப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "என்ன ஷிகேஸோ, வீட்டுக்குள்ள ஆஸ்பத்திரியா?" என்றார்கள். மறுநாள் கொட்டகையில் புஸாயே எனக்கு வலப்பக்கத்திலிருந்து நாலு இடம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். என்னடி என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுலயும் ரெண்டு பூனை இருக்குல்ல" என்றாள். கத்தியும் கையுமாக நின்றதால் நான் பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் சிப்பி உடைத்தாக வேண்டும், வருஷக் கடைசி, லாரி காத்து நிற்கும். பூனையைக் கேட்டு யார் வந்தாலும் தரக்கூடாது என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் தோக்கிகோ வந்திருந்தாள். பத்து மணி இருக்கும். வெளியே ஓடு கொட்டப் போன புஸாயே ஓடி வந்தாள். நாலு இடம் தள்ளி நிற்பதை மறந்து நேராக எங்களிடமே வந்தாள்.

"ஏ தோக்கிகோ, உம் புருஷன் கூடையைத் தூக்கிக்கிட்டு மன்றத்துக்குப் போறான்டி. முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன், சங்கத்தாளுங்க, கையில பலகை."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினோம். ரப்பர் ஏப்ரன், முழங்கால் பூட்ஸ், கையெல்லாம் சிப்பித் தண்ணீர். ஆலங்கட்டியும் மழையும் கலந்து முகத்தில் அடித்தது. என் இடுப்பைப் பற்றி எனக்கு நினைவே இல்லை.

மன்றத்தில் கூடைகளும் மீன்பெட்டிகளுமாக வரிசை. உள்ளே இருந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்துச் சீறிக்கொண்டிருந்தன. மேஜைக்குப் பின்னால் பட்டணத்திலிருந்து வந்த இளவட்ட டாக்டர். ஷிகேஸோ வரிசையில் மூன்றாவதாக, கூடையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

"என்னங்க இது?" என்றாள் தோக்கிகோ.

"முத்திரையைக் காட்டுனாங்கடி" என்றான். அழாத குறை. "அத்தனை பேர் வாசல்ல நின்னு பாக்குறாங்க. குத்தின முத்திரையை இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அந்த மனிதனை நான் திட்டுவேனா? எங்கள் ஊரில் முத்திரையை மறுக்கிறவன் மறுநாள் படகேற முடியாது. அதைத் தெரிந்துதான் பலகையைக் கையோடு கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபமெல்லாம் மேஜைப் பக்கம் நின்ற குராமித்சுமேல் வந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்று சத்தம் போட்டேன். "அந்த முத்திரையைக் குத்தினவ நான். படிக்காம குத்தினேன். நீங்க எத்தனை பேர் படிச்சுட்டுக் குத்தினீங்க? கை தூக்குங்க பாப்போம்!"

ஒரு கை எழும்பவில்லை. ஒரு பூனை மட்டும் கத்தியது.

"அக்கா, மன்றத்துல கலாட்டா வேண்டாம்" என்றார் தலைவர்.

"கலாட்டாவா? டாக்டர் எழுதின கடுதாசியை நாலு நாளா மடியில கட்டிக்கிட்டு அலையுறேன், அதுல இருக்குறதைக் கேக்க உங்களுக்கு மனசில்ல. தம்பி, டாக்டர் தம்பி, நீங்களாச்சும் படிங்க."

ஏப்ரனுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன், ஓரமெல்லாம் நனைந்திருந்தது. அவர் இருமுறை படித்தார். பிறகு ஊசிப் பெட்டியை மூடினார்.

"இந்தப் பூனைக்கு நான் போட மாட்டேன். நிஷியோ அம்மா எழுதினது சரி. இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" தலைவரைத்தான் கேட்டார். "மத்த பூனைங்க எதுக்காவது ரத்தம் பாத்திருக்கா?"

"ரத்தம் எதுக்கு? ஊசிதான் போடுறோமே" என்றார் தலைவர். வரிசையில் முதலாவதாக மேஜைமேல் உட்கார்ந்திருந்த தோனோவைத் தட்டிக்கொடுத்தார். "இவனுக்கு மூணு வருசமா அஞ்சும் போட்டிருக்கு."

டாக்டர் தோனோவின் வாயைத் திறந்து பார்த்தார். ஈறு செக்கச்செவேலென்று புண்ணாகி எச்சில் வடிந்தது. விலாவைத் தடவினார். சுவரொட்டியில் இருந்த தோனோவுக்கும் மேஜைமேல் இருந்த தோனோவுக்கும் நடுவில் எவ்வளவு சதை குறைந்துவிட்டது என்பது அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது.

"முதல் ஊசிக்கு முன்னாடி இவனுக்குப் பரிசோதனை பண்ணினீங்களா?"

தலைவர் தோனோவின் முதுகிலிருந்து கையை எடுத்தார். டாக்டர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்னப் பட்டையில் விட்டார். பத்து நிமிஷம் ஆகும் என்றார். மன்றத்துக் கடிகாரத்தையும் அந்தப் பட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஊரே நின்றது. தோக்கிகோ மட்டும் பார்க்கவில்லை, கூடைக்குள் விரலை விட்டு ஒகாராவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பட்டையில் ரெண்டாவது கோடும் விழுந்தது.

"இவனுக்கும் இருக்கு" என்றார் டாக்டர். "பட்டையை மட்டும் நம்பிச் சொல்லக்கூடாது, இன்னொரு தடவையும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். ஆனா வாயையும் ஒடம்பையும் பாத்தா எனக்குச் சந்தேகம் இல்ல."

"வருசா வருசம் போட்டேனே" என்றார் தலைவர். இப்படி ஒரு சன்னக் குரல் அவரிடம் உண்டென்று எனக்குத் தெரியாது.

"முதல் ஊசிக்கு முன்னாடியே வந்திருக்கலாம். அப்படின்னா அப்புறம் போட்டது எதுவும் பலனில்ல."

"இவன்தான் மத்ததுக்குக் குடுத்தானா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"யார் யாருக்குக் குடுத்ததுன்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "ரத்தம் பாத்து, பூனையைப் பாத்து, ஒண்ணொண்ணா முடிவு பண்ணணும். இன்னைக்கு ஒரு பூனைக்கும் போட மாட்டேன்."

டாக்டரால் சொல்ல முடியாது, சரி. ஓட்டுக் குவியலில் குட்டி ஒகாரா கிடந்த காலத்தில் அந்தக் குவியலில் ராஜா மாதிரி உலாத்தினது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். தோக்கிகோ என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தாள்.

"விடுக்கா. தோனோ என்ன பண்ணும்? அது பூனை."

கூடையை ஷிகேஸோவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான்.

வியாழக்கிழமை அக்கரையில் ஒகாராவுக்கு ஊசி போட்டார்கள், பின்னங்காலில், முட்டிக்குக் கீழே. ஷிகேஸோ பிடித்துக்கொண்டான். மூன்று நாள் சாப்பாட்டையும் மூச்சையும் கவனிக்கச் சொன்னார் நிஷியோ அம்மா. அரைக் காவல் என்பதை மறுபடியும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் சூட்டு மேஜைக்குள் போய்ச் சுருண்ட ஒகாரா மத்தியானம் போல வெளியே வந்து சூரை மீனைக் கொஞ்சம் தின்றது. அதற்கே தோக்கிகோ ரெண்டு முறை மூக்கைத் துடைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் தலைவர் குரல் கேட்டது. கையில் பலகை. இருபது வருஷத்தில் அவரே பலகை தூக்கி ஒரு வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

படியில் காலை வைக்கப் போனவரிடம், "தலைவரே, பூட்ஸு" என்றாள் தோக்கிகோ.

ஊரே சிரித்த அந்த வெளுப்புத் தொட்டியை அவர் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு காலை முக்கினார், மறு காலை முக்கினார்.

"தோனோ இப்ப வீட்டுக்குள்ளதான் இருக்கான்" என்றார். "கதவைப் பிறாண்டுறான், ராத்திரியெல்லாம் கத்துறான். அந்த டாக்டரம்மாகிட்ட இவனுக்கும் கேக்கணும். இவனுக்கு எந்த ஊசி, போடணுமா வேண்டாமான்னு... நீ ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும்."

"வாய்ப்புண்ணு ஆறின பெறகுதான் எதையும் சொல்லுவாங்க. ஆனா கூட்டிட்டுப் போங்க, நான் போன் பண்றேன். திங்கிறதுக்கு மெத்துனு குடுங்க, வாய் வலிக்கும்."

இவ்வளவையும் அவள் கோபமில்லாமல் சொன்னதில் எனக்குத்தான் ஆறவில்லை. அக்கரைக்கு அனுப்பு என்றானே, அவனுக்கு மெத்தென்று குடுக்கச் சொல்லிக் கொடுக்கிறாளே என்று ஆரஞ்சுத் தோலைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன்.

"இதை மொதல்ல நீயே பாத்துடு" என்று தலைவர் பலகையை நீட்டினார்.

தோக்கிகோ அங்கேயே உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். நானும் எட்டிப் படித்தேன், இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன். நோயுள்ள பூனைகளை வீட்டுக்குள் வைக்க வேண்டும், ரத்தம் பார்க்காமல் ஊசி இல்லை, போடுவதும் போடாததும் அந்தந்த வீட்டார் டாக்டரைக் கேட்டு முடிவு செய்வது. நல்ல தாள்தான். தோனோவின் பெயர் எங்கும் இல்லை. ஒகாராவின் பெயரும் இல்லை. அவர் வாசலில் நின்றபடியே இருந்தார், கூரையிலிருந்து சொட்டு அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

படித்து முடித்தவள் செருப்பு அலமாரியின் இழுப்பறையைத் திறக்கவில்லை. முதல் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது உங்க வீட்டுக் கட்டம்தானே தலைவரே?"

"ஆமா."

"காலியா இருக்கே."

"அது எப்பவும்... நான்தானே எழுதுறேன்."

"உங்க வீட்டுலயும் ஒரு பூனை இருக்குல்ல" என்றாள் தோக்கிகோ. "நீங்க குத்திட்டுக் கொண்டாங்க. பெறகு நான் குத்துறேன்."

நான் ஆரஞ்சை அப்படியே வைத்துவிட்டேன். தலைவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலங்கட்டி மழையில் இறங்கினார். அவர் வீடு துறையின் அந்தக் கோடியில், ஏற்றத்தில் இருக்கிறது. கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும், வேலை விட்டு வெளியே வந்த பெண்கள் எல்லாரும் வழியில் நின்றார்கள்.

அரை மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து நின்றார். முதல் கட்டத்தில் மை இன்னும் காயாமல் சிவப்பாக இருந்தது. அவராகவே தொட்டியில் இறங்கி, பூட்ஸை மறுபடி முக்கிக் கழுவினார்.